சுட்ட பிறகு முதல் காகிதத்தை எழுதுவது யார்?

"ரவுடி ஒருத்தரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற செய்தி வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் சந்தோஷப்படுகிறார்கள், மீதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. போலீஸ் சட்டப்படி எப்போது ஒருவரைக் கொல்லலாம்? காலில் சுட்டால் போதாதா? சீர்திருத்தம் வேண்டும் என்கிறவர்கள், போலீஸ்காரர் வெட்டுப்பட்டுச் சாகட்டும் என்கிறார்களா?" மதுரை திருநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளாகத் தெரிகின்றன. ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான்: சுட வேண்டிய அவசியம் இருந்ததா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எப்போது சுடலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. சுட்டதற்குப் பிறகு என்ன என்பதில்தான் நம் பக்கத்துச் சிக்கல் முழுவதும் கிடக்கிறது.

நான் மதுரையில் குற்றவியல் வழக்கு நடத்துகிற வக்கீல். மாவட்ட நீதிமன்றத்திலும் உலகனேரியில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையிலும் பல வருடங்களாக இந்தக் காகிதங்களைப் படித்து வருகிறேன். இறந்தவர் குடும்பத்துக்காகவும் வாதாடியிருக்கிறேன், வழக்கில் சிக்கிய போலீஸாருக்காகவும் வாதாடியிருக்கிறேன். துப்பாக்கி பிடித்தவன் இல்லை. இருட்டில் அரிவாளோடு ஒருவன் பாய்ந்து வரும் அந்த இரண்டு விநாடி எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதேபோல, பேப்பரில் வந்த செய்தியை மட்டும் வைத்து ஒரு சம்பவம் போலியா உண்மையா என்று சொல்லவும் மாட்டேன். யாராலும் முடியாது. அப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். "போலீஸுக்குச் சுட்டுக் கொல்லும் அதிகாரம்" என்று தனியாக ஒரு சட்டப் பிரிவு கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தற்காப்பு உரிமைதான் போலீஸ்காரருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வருகின்றன. உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலை வந்தால், தாக்க வருபவனைக் கொல்கிற அளவுக்கு அந்த உரிமை நீளும். முதல் வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அச்சம் தீர்ந்த நிமிடமே உரிமையும் தீர்ந்துவிடும். அரிவாள் கீழே விழுந்த பிறகு, ஆள் சுருண்டு கிடக்கும்போது, ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று சொல்வது கடினம். தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்பவர்தான் அதற்கான சூழ்நிலையைக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்பதும் சட்டம்.

இதோடு கைது பற்றிய பிரிவு ஒன்று இருக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் உறுத்தலானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46(3), இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 43(4). மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரை, கைது செய்வதற்காகக் கொல்ல உரிமை இல்லை என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பிப் படியுங்கள். ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவர் ஓடினால்? அப்போதும் சட்டம் அனுமதி கொடுத்துவிடவில்லை, தேவையான அளவு பலம்தான் என்று வாதிடலாம், நானும் அப்படித்தான் வாதிடுவேன். ஆனால் வாசகம் பிரிட்டிஷ் காலத்து 1898 சட்டத்திலிருந்து அப்படியே வருகிறது. குற்றத்தின் தண்டனையைப் பார்க்கிறதே ஒழிய, எதிரே நிற்பவனால் அந்த நேரத்தில் யார் உயிருக்கு ஆபத்து என்று பார்க்கவில்லை. போலிப் பத்திரம் தயாரிப்பதற்கு ஆயுள் வரை தண்டனை உண்டு. பத்திர மோசடிக்காரர் சுவரேறிக் குதித்தால் சுடலாமா? யாரும் சுட மாட்டார்கள், சரி. ஆனால் சட்டத்தின் அளவுகோல் அதுவாகத்தான் கிடக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே, ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி தாண்டி ஓடிய 15 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற டென்னசி வழக்கில், ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுடக்கூடாது, பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1990-ல் ஐ.நா. வகுத்த நெறிமுறைகளும் உயிர் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்கின்றன. நம் பிரிவை அந்த அளவுக்கு மாற்றி எழுதுவது சீர்திருத்தத்தில் மிகச் சுலபமான வேலை. புதுச் சட்டம் எழுதும்போது வாய்ப்பு வந்தது, எண்ணை மாற்றிவிட்டு வாசகத்தை விட்டுவிட்டார்கள்.

காலில் சுட்டால் போதாதா என்ற கேள்விக்கு, கூட்டத்தில் நல்லவராகத் தெரிவதற்காக "ஆமாம், போதும்" என்று சொல்ல மாட்டேன். ஓடிவரும் ஆளின் கால்தான் உடம்பிலேயே அதிகமாக அசைகிற இடம். கை நடுங்கும்போது கைத்துப்பாக்கியால் அதைக் குறிவைத்து அடிப்பது சினிமாவில் நடக்கிற அளவுக்கு நிஜத்தில் நடக்காது. குறி தவறிய குண்டு பின்னால் நிற்கிற டீக்கடைக்காரர் மேல் பாயலாம். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நிஜமான ஆபத்தில் சுட வேண்டி வந்தால் உடலின் நடுப்பகுதியைத்தான் குறிவைப்பார்கள் என்பதை ஏற்கத்தான் வேண்டும். அதனாலேயே, "காலில் சுட்டுப் பிடித்தனர்" என்ற செய்தி அடிக்கடி, ஒரே மாதிரி, முழங்காலுக்குக் கீழேயே வரும்போது வக்கீலாக எனக்குச் சந்தேகம் வருகிறது. இருட்டில் ஓடுகிறவனின் கெண்டைக்காலில் இவ்வளவு துல்லியமாகச் சுட முடிந்ததென்றால், சுட்ட தூரம் எவ்வளவு?

போலீஸ்காரர் சாகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் தனியாளாகத் துரத்திப்போன நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனைக் கீரனூர் பக்கம் வெட்டிக் கொன்றார்கள். அந்த இரவில் அவர் சுட்டிருந்தால் எந்த நீதிமன்றமும் அவரைக் குறை சொல்லியிருக்காது. அவரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைப் போலீஸ் சுடாமல் பிடித்தது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். தனியாளாக ராத்திரி ரோந்து அனுப்பாமல் இருப்பது, துப்பாக்கிப் பயிற்சியை வருடத்துக்கு ஒரு சடங்காக முடிக்காமல் இருப்பது, கைத்துப்பாக்கிக்கும் லத்திக்கும் நடுவில் வேறு கருவிகள் கொடுப்பது, எல்லாமே சீர்திருத்தத்துக்குள் வருகிறவைதான். தன் ஸ்டேஷனில் ஆள் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து என்கவுன்ட்டர் செய்திகளைக் கொஞ்ச நாள் சேர்த்துவைத்துப் படித்தால் ஒரு கதை திரும்பத் திரும்ப வருவது தெரியும். கைதானவர் ஆயுதத்தை ஒளித்துவைத்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்வார். விடிவதற்கு முன் கண்மாய்க் கரைக்கோ, பைபாஸ் ஓரக் காட்டுக்கோ கூட்டிப்போவார்கள். அங்கே ஒளித்துவைத்திருந்த அரிவாளையோ துப்பாக்கியையோ எடுத்துத் தாக்குவார். ஒரு எஸ்.ஐ.க்குக் கையில் காயம். இன்ஸ்பெக்டர் சுடுவார். ஏன் எப்போதும் அந்தப் பயணம்? போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஆக, ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப்போவது விசாரணையில் நியாயமான, தேவையான ஒரு வேலை. அதே வேலைதான், கைதியும் போலீஸும் தவிர வேறு கண்ணே இல்லாத ஒரு மணி நேரத்தையும் உண்டாக்குகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது உண்மையான தாக்குதலாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எது என்று வெளியே இருப்பவருக்குச் சொல்லப்போவது காகிதங்கள் மட்டுமே.

அந்தக் காகிதங்களை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். முதல் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் இறந்தவர் மேல் பதிவாகும்: போலீஸாரைக் கொல்ல முயன்றதாக, கடமையைச் செய்யவிடாமல் தடுத்ததாக. புகார் கொடுப்பவர், சுட்டவர் அல்லது பக்கத்தில் நின்றவர். பதிவு செய்வது பக்கத்து ஸ்டேஷன், அல்லது அதே சரகம். குற்றம் சாட்டப்பட்டவரோ செத்துப்போயிருக்கிறார். செத்தவர் மேல் வழக்கு நடத்த முடியாது. அதனால் சில மாதங்கள் கழித்து "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடலாம். சுட்டது சரியா என்ற கேள்வி அந்தக் கோப்புக்குள் எங்கேயும் கேட்கப்பட்டிருக்காது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட ஒரு கோர்ட் இருக்கிறது. இவருக்கு நேர்ந்ததற்கு ஒரு கோர்ட் வேண்டுமென்றால் குடும்பம்தான் கடன் வாங்கி ரிட் மனு போட வேண்டும்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு மகாராஷ்டிர அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று, தலைமை நீதிபதி லோதா தலைமையிலான அமர்வு 16 கட்டளைகளை இட்டது. சாவு நடந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்து தாமதமின்றிக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். விசாரணையை சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷனோ நடத்த வேண்டும். சுட்ட அணியின் தலைவரைவிடக் குறைந்தது ஒரு படி மேலே உள்ள அதிகாரி அதை மேற்பார்வை செய்ய வேண்டும். சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் செய்து வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சம்பவம் நடந்த சூட்டோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது. நடைமுறை மீறப்பட்டதாகக் குடும்பம் நினைத்தால் செஷன்ஸ் நீதிபதியிடம் போகலாம். கொடுங்காயம் ஏற்பட்ட சம்பவங்களுக்கும் முடிந்தவரை இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது, "காலில் சுட்டுப் பிடித்த" கேஸ்களில் நான் எடுத்துக் காட்டும்போது சில சமயம் அரசுத் தரப்பு வக்கீலே ஆச்சரியப்படுவார்.

ஆக, விதி இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த 16-ல் எழுத்தளவில் செய்யக்கூடியவை எல்லாம் நடக்கின்றன. உள்ளடக்கம் தேவைப்படுபவைதான் நழுவுகின்றன. வேறு ஸ்டேஷன் விசாரிக்கும், ஆனால் அது அதே எஸ்.பி.யின் கீழ் இருக்கும். வீடியோ எடுப்பார்கள், முக்கியமான இடத்தில் டாக்டரின் முதுகுதான் தெரியும். மாஜிஸ்திரேட் விசாரணையில் இன்னொரு தகராறு உண்டு. கைதியாக இருக்கும்போது இறந்தால் நீதித்துறை நடுவர், அதாவது கோர்ட்டைச் சேர்ந்த மாஜிஸ்திரேட், விசாரிக்க வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில் 176(1ஏ)யாக வந்தது, இப்போதைய சுரக்ஷா சன்ஹிதாவில் 196(2). பிடிக்கப் போனபோது இறந்தார் என்றால், அவர் கஸ்டடியில் இல்லை என்று சொல்லி ஆர்.டி.ஓ. விசாரணையோடு நிறுத்திவிடப் பார்ப்பார்கள். ஆர்.டி.ஓ. வருவாய்த் துறைக்காரர், திருவிழா பந்தோபஸ்து முதல் ஆக்கிரமிப்பு அகற்றுவது வரை தினமும் அதே போலீஸை நம்பி வேலை பார்ப்பவர். அவர் நேர்மையானவராக இருந்தாலும் அவரது நிலைமை அது.

கோப்பு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பவை சாதாரண விஷயங்கள்தான். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிந்தார்கள், மாஜிஸ்திரேட் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. காயம்பட்ட எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரம், டாக்டர் எழுதிய காயத்தின் நீளம், ஆழம். வண்டியின் லாக் புக். செல்போன் டவர் விவரம். அப்புறம் குண்டு நுழைந்த காயம். மிக அருகில் சுட்டால் தோல் கருகும், வெடிமருந்துத் துகள்கள் தோலில் புள்ளிபுள்ளியாகப் பதியும்; சில அடிகளைத் தாண்டிவிட்டால் அது இருக்காது. "பதினைந்து அடி தூரத்தில் வந்தபோது சுட்டேன்" என்று எழுதிவிட்டு, காயத்தைச் சுற்றிக் கருகல் இருந்தால் கதை அங்கேயே நிற்கும். குண்டு மேலிருந்து கீழாகப் போயிருந்தால், ஆள் உட்கார்ந்திருந்தாரா குனிந்தாரா என்று கேட்கலாம். இறந்தவர் துப்பாக்கியால் சுட்டதாகச் சொன்னால் அவர் கையில் வெடிமருந்துத் தடயம் எடுத்தார்களா? இத்தனையும் முதல் நாளிலேயே எடுத்தால்தான் உண்டு. உடலை அவசரமாக எரித்துவிட்டால் பிறகு சி.பி.ஐ. வந்தாலும் காகிதத்தைத்தான் விசாரிக்க முடியும்.

இந்த விஷயத்தில் நம் மதுரைக் கிளைக்கு ஒரு நல்ல பங்கு உண்டு. 2020 டிசம்பரில், பேரையூர் பக்கம் போலீஸ் தேடிப்போன ஒரு குடும்பத்தின் இளைஞர் மரத்தில் தொங்கிய நிலையில் கிடைத்த வழக்கில், கஸ்டடி மரணம் என்று புகார் வரும் உடல்களை எப்படிக் கையாள வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. பரிசோதனைக்கு முன் உறவினர்கள் உடலைப் பார்க்க விட வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும், குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போகப்போவதாக எழுதிக் கொடுத்தால் குறைந்தது 48 மணி நேரம் உடலை வைத்திருக்க வேண்டும். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பிணவறை வாசலில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த 48 மணி நேரத்தின் விலை தெரியும். "வாங்கிட்டுப் போங்கம்மா, ஊர்ல பிரச்சினை வேண்டாம்" என்று பெரியவர்கள் வந்து பேசுவது அந்த நேரத்தில்தான்.

கூட்டத்தின் மேல் சுடுவது தனிக் கதை, அதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு. இப்போது அதே சுரக்ஷா சன்ஹிதாவில் 148 முதல் 151 வரை. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியில் மட்டும் துப்பாக்கி என்ற வரிசை எல்லாருக்கும் தெரிந்தது. நம் வட்டாரத்துக்கு இதில் நீண்ட ஞாபகம் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அப்பால் பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் 6 பேர். 2018 மே 22 தொடங்கித் தூத்துக்குடியில் 13 பேர். பரமக்குடிக்கு அமைத்த நீதிபதி சம்பத் கமிஷன் துப்பாக்கிச் சூட்டில் தவறில்லை என்றது. தூத்துக்குடிக்கு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன், சுடவேண்டிய தூண்டுதல் இருக்கவில்லை என்று சொல்லி 17 போலீஸார் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. இரண்டில் எது சரி என்பதை விடுங்கள். கமிஷன் அறிக்கை கோர்ட் தீர்ப்பு ஆகாது, அரசை அது கட்டுப்படுத்தாது என்பதை மக்கள் புரிந்துகொள்ள வேண்டும். "கமிஷன் போட்டாச்சு" என்றதும் குற்ற விசாரணை தள்ளிப்போவது வழக்கமாகிவிட்டது. கமிஷன் வரலாற்றுக்கு நல்லது, வழக்குக்கு அவ்வளவு நல்லதில்லை என்பது என் கருத்து.

துப்பாக்கியைப் பற்றியே பேசினால் பாதிதான் பேசியதாகும். இங்கே லத்தியும் கொல்கிறது. 2020 மே கடைசியில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்தில் முழங்கால் வைத்த வீடியோவை நாம் எல்லாரும் பார்த்தோம்; ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் செத்தார்கள். அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது, பதிவு தினமும் தானாக அழிந்துபோகிற மாதிரி அமைத்து வைத்திருந்ததாகக் கோவில்பட்டி நடுவர் அறிக்கை அனுப்பினார். மதுரைக் கிளை தானே முன்வந்து எடுத்து, நடுவரை ஸ்டேஷனுக்கே அனுப்பியதால்தான் வழக்கு நிலைத்தது. ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததைச் சொன்னார். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. 2025 ஜூனில் திருப்புவனம். மடப்புரம் கோயில் காவலாளியை நகை காணோம் என்ற புகாரில், எஃப்.ஐ.ஆர். கூடப் பதியாமல், தனிப்படை கூட்டிப்போனது. ஸ்டேஷனில் வைத்து இல்லை, கோயிலுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள், இறந்துபோனார். கேமரா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அடி நகர்ந்துவிட்டது என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். யாரோ ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ இல்லையென்றால் அது வலிப்பில் விழுந்த சாவாகக்கூடப் போயிருக்கும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்ட படத்துக்குச் சிரிக்கிற நாம்தான், இந்தப் படத்தைப் பார்த்து அழுதோம். இரண்டும் ஒரே பழக்கத்தின் வெவ்வேறு அளவு.

உங்கள் தெருக்காரர்கள் ஏன் சந்தோஷப்படுகிறார்கள் என்பதை நான் கேலி செய்ய மாட்டேன். கொலை வழக்கு வருடக்கணக்கில் இழுக்கிறது, சாட்சி பிறழ்கிறார், ஜாமீனில் வந்தவன் அடுத்த கொலையைச் செய்கிறான். இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு ஒரு குண்டு நிம்மதியாகத் தெரிவது இயல்பு. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பெரிய கொலைகள் பலவற்றில் வெட்டுகிறவன் கூலிக்கு வந்தவன். பணம் கொடுத்தவன் யார் என்று சொல்லக்கூடிய ஒரே வாய் அவனுடையது. அவனைச் சுட்டதும் வழக்கு அவனோடு முடிந்துபோகிறது, அனுப்பியவன் அடுத்த மாதம் கல்யாண வீட்டில் மொய் எழுதிக்கொண்டிருப்பான். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவரைக் கொன்றதாகப் பிடிபட்ட நால்வரைச் சுட்டபோது போலீஸார் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன், கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்று முடிவு செய்து 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை வெளியானது 2022 மே மாதம். பூத் தூவியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

நான் கேட்கிற சீர்திருத்தம் சின்னது, ஆனால் போலீஸ் துறைக்கு மிகவும் கசப்பானது. போலீஸ் கையால் ஒரு உயிர் போன நிமிடம் முதல், அந்த மாவட்டப் போலீஸ் அந்த இடத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., இடத்தைப் பார்வையிட்டு எழுதும் மகஜர், உடல், துப்பாக்கி, செல்போன்கள் எல்லாம் வேறு ஒரு அமைப்பின் கைக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் போலீஸ் நடவடிக்கையோடு தொடர்புடைய சாவு என்றால் அதற்கென்றே உள்ள தனி அலுவலகத்துக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும், அவர்களிடம் சொந்த விசாரணையாளர்கள் இருக்கிறார்கள். நமக்கும் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் போலீஸ் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டு, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாமியார் மேல் புகார் சொல்ல மாமியாரிடமே மனுக் கொடுப்பது மாதிரி. அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும் மேல்பூச்சுதான். கூடவே, ஆயுதம் எடுக்கக் கூட்டிப்போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்கூட்டியே மாஜிஸ்திரேட்டுக்கு நேரமும் இடமும் தெரிவித்து, உடம்பில் மாட்டிய கேமராவோடு, பகலில் போக வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும். நேர்மையாகப் போகும் இன்ஸ்பெக்டரைக் காப்பாற்றுவதும் அந்த வீடியோதான். பொய்ப் புகாரில் சிக்கியவருக்காக வாதாடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இதனால் குற்றம் கூடுமா குறையுமா என்றால், என் தொழிலை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. என்கவுன்ட்டரால் ரவுடித்தனம் குறைகிறது என்று சொல்பவர்களுக்கும் அதே நிலைமைதான், அவர்கள் உறுதியாகப் பேசினாலும். கடமையின் பேரில் செய்ததற்காக அரசு ஊழியர் மேல் அரசு அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது என்ற, பழைய நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவு, இப்போது 218-ஆக வந்திருக்கிறது. 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் வழக்கு அந்தக் கட்டம் வரை உயிரோடு வந்தால்தான் அதற்கு வேலை.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ அப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உடலை வாங்க அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். உயர் நீதிமன்றம் போகப்போகிறோம், உடலைப் பாதுகாக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டீனுக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். உடலை எல்லாப் பக்கமும் திருப்பி, உள்ளங்கை பாதம் உட்பட, போட்டோ எடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வீடியோவும் கேட்டு மனுக் கொடுங்கள். பக்கத்துக் கடை கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், முதலில் அதை வாங்குங்கள். வக்கீல் கிடைக்காவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மதுரையிலேயே மக்கள் கண்காணிப்பகம் மாதிரி இதே வேலையாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். சோகம் ஆறட்டும் என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தாண்டிவிட்டு வருகிற குடும்பங்கள் நிறைய.